வீரம்மாவின் மோதிர விரல்

கணபதி மோதிரத்தை வெற்றிலையில் மடித்துக் கொண்டுவந்திருந்தான். என் மேசைமேல் வைத்தான். பிறகு இரண்டடி பின்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

அது 1867, மாசி மாதத் தொடக்கம். இரயில் இன்னும் கண்டிக்கு வரவில்லை. கடுகண்ணாவையில் மலையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே அடிபட்டவர்கள் எங்கள் கண்டி வைத்தியசாலைக் கட்டில்களில் பாதியை நிரப்பியிருந்தார்கள். நான் இந்த வைத்தியசாலையில் உதவி வைத்தியன். யாழ்ப்பாணத்தில் மிஷன் கல்லூரியில் படித்து, மானிப்பாயில் வைத்தியம் பயின்று, இருபத்தாறாவது வயதில் மனைவியோடு இந்த ஊருக்கு வந்தேன். இப்போது இருபத்தெட்டு. மனைவி இல்லை.

வெற்றிலையை விரித்தேன். கல் இல்லாத தங்க மோதிரம். பட்டை வளையம், நல்ல வேலை.

கணபதிக்குப் பேச்சு மெதுவாகத்தான் வரும். அவன் ஹந்தானைச் சரிவில் ஒரு கோப்பித் தோட்டத்தில் வேலை செய்பவன். பத்து நாளில் அவனுக்கும் அதே தோட்டத்து வீரம்மாவுக்கும் பரிசம். அவர்கள் ஆட்களின் வழக்கப்படி, பரிசத்தன்று மாப்பிள்ளையின் சகோதரி லயத்து வரிசை வீட்டுச் சனங்கள் எல்லாருக்கும் முன்னால் பெண்ணின் வலது கையில் மோதிரம் போடவேண்டும். ஒரே தள்ளில் ஏறவேண்டும். நடுவில் நின்றால் அந்தக் குடும்பத்தைப் பற்றிப் பெண்கள் பேரப்பிள்ளைகள் காலம்வரை பேசுவார்கள். அளவுக்குப் பெண்ணின் தாய் நூல் கொடுத்துவிடுவாள். கொடுத்துவிட்டாள். நூலின்படிதான் ஆசாரி செய்தார். முதல்நாள் மாலை அவன் அக்கா பாலம்மா யாருக்கும் தெரியாமல் வீரம்மாவின் விரலில் போட்டுப் பார்த்திருக்கிறாள். மூட்டில் நின்றுவிட்டது.

மோதிரத்தைப் பெரிதாக்கவேண்டும் என்றால் ஆசாரியிடம் போ, என்னிடம் ஏன் வந்தாய் என்று கேட்டேன்.

அவன் தரையைப் பார்த்தான். "வெரல கொஞ்சம் சின்னதாக்க ஏலுமாங்களா, டாக்குத்தரய்யா?"

நான் சிரிக்கவில்லை. அந்த விரலை எனக்குத் தெரியும்.

முந்திய கார்த்திகையில், பழம் பறிக்கும் காலத்தின் உச்சத்தில், நாலு பேர் ஒரு கம்பளியைத் தடியில் கட்டித் தூக்கிவந்தார்கள். உள்ளே வீரம்மா இருந்தாள். கோப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் யந்திரத்தில் கல் ஒன்று சிக்கியிருக்கிறது. அதை எடுக்கக் கையை விட்டிருக்கிறாள். யந்திரத்தை ஓட்டும் சக்கரத்துக்குத் தண்ணீர் திறந்துவிடுவது கணபதியின் வேலை. எல்லாரும் விலகிவிட்டார்கள் என்று நினைத்துத் திறந்துவிட்டான். வலது கையின் மோதிர விரல் நசுங்கியது. மற்றவை தப்பின.

தடியின் முன்பக்கத்தைத் தோளில் வைத்து வந்தவன் கணபதிதான். பதினொரு நாள் அவன் வைத்தியசாலையின் வெளி விறாந்தையை விட்டு அசையவில்லை. கங்காணி இரண்டு தடவை ஆள் அனுப்பிக் கூப்பிட்டும் போகவில்லை. ஆனால் கட்டு அவிழ்க்கும் நேரத்தில் மட்டும் முற்றத்துக்குப் போய்விடுவான்.

பெரிய டாக்டர் விரலைப் பார்த்துவிட்டு, அடியோடு எடுத்துவிடு என்றார். முறையான தீர்ப்பு. நானும் அதையே சொல்லியிருப்பேன். கத்தியை எடுத்துக்கொண்டு வந்தபோது வீரம்மா கையைக் கக்கத்தில் செருகிக்கொண்டாள். "அழுகினா வெட்டுங்க. அழுகுற வரைக்கும் அது என்னோடது."

அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. அவள் கண்ணில் நீர் இல்லை. நான் கத்தியை வைத்துவிட்டு, மூங்கில் சிம்பு இரண்டை வைத்துக் கட்டினேன்.

ஒவ்வொரு நாள் காலையிலும் கட்டின் முனையில் தெரிந்த நகத்தை அழுத்திப் பார்ப்பேன். உயிருள்ள விரலில் நகத்தை அழுத்தினால் வெளுக்கும். விட்டால் இரத்தம் திரும்பிவந்து சிவக்கும். அவளுடையது முதல் நாள் அழுத்தினாலும் விட்டாலும் சாம்பல் நிறம். இரண்டாம் நாளும். ஐந்து நாள் அப்படியே. அவள் ஒவ்வொரு நாளும் நான் அழுத்துவதைப் பார்ப்பாள், பிறகு என் முகத்தைப் பார்ப்பாள். என் முகத்தில் அவளுக்குப் படிக்க ஒன்றும் கிடைத்திராது. என் மனைவி நேசம் இறந்து அப்போது இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

ஆறாம் நாள் காலை அழுத்திவிட்டு விரலை எடுத்தேன். நகத்தின் அடியில் ஒரு நூலளவு சிவப்பு வந்தது. மிக மெதுவாக. தூரத்தில் ஒருவர் விளக்கோடு நடந்துவருவதைப் போல மெதுவாக. மறுபடி அழுத்தினேன். மறுபடி வந்தது. மூன்றாம் தடவை அழுத்தக் கை கூசியது. நான் செய்தது இரண்டு மூங்கில் சிம்பும் ஒரு துணியும்தான். நசுங்கிய சதைக்குள் இரத்தம் எந்த வழியைக் கண்டுபிடித்து வந்தது, யார் சொல்லி வந்தது என்று ஒரு புத்தகத்திலும் நான் படிக்கவில்லை. வெளியே போய், அழுக்கில்லாத கையை நெடுநேரம் கழுவினேன்.

விரல் பிழைத்தது. கொஞ்சம் வளைந்தது. மூட்டு நெல்லிக்காய்போலப் புடைத்து நின்றது. அதன் அடிப்பக்கம் சதை வற்றி மெலிந்துபோனது. அந்த விரலுக்குத்தான் இப்போது மோதிரம்.

ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லாத நாள். வீரம்மாவையும் தாயையும் வரச்சொன்னேன். தாய் ரத்தினம்மா விதவை. வெறுங்கழுத்து, வெள்ளைச் சேலை. வீரம்மா என் முன்னால் கதிரையில் உட்கார மாட்டேன் என்று நின்றாள்.

காகிதத்தை மெல்லிய பட்டியாக நறுக்கி விரலைச் சுற்றி அளந்தேன். மூட்டுக்கு ஓர் அளவு, அடிக்கு ஓர் அளவு. கணபதி விட்டுப்போன மோதிரம் இரண்டோடும் ஒத்துவரவில்லை. எனக்கு விளங்கவில்லை. ஏதோ நினைப்பில் இடது கை விரலை அளந்தேன். இம்மி பிசகாமல் சரியாக இருந்தது.

மூவரும் அந்தக் காகிதப் பட்டியைப் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

ரத்தினம்மாதான் முதலில் பேசினாள். மகள் தூங்கும்போது நூலால் அளந்தாளாம். வலது கையைத்தான் முதலில் பிடித்தாளாம். மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிற நூல், நாலு பெண்கள் கையில் எடுத்துப் பார்ப்பார்கள், இது என்ன இத்தனை பெரிய விரல் என்று கேட்பார்கள். "கெட்ட வெரல எப்பிடிங்க அளந்து குடுக்குறது? நல்ல வெரலத்தான் அளந்தேன்." பிறகு, இடது கையிலேயே போட்டுவிடலாம், அல்லது வலது கையில் நடுவிரலில் போடலாம், யார் கணக்குப் பார்க்கிறார்கள் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

வீரம்மா தாயைத் திட்டவில்லை. அந்த விரலை என் மேசையின்மேல் வைத்தாள்.

"இதுல ஏறுனா பரிசம். ஏறலேன்னா வேணாம்."

தாய் அழத் தொடங்கினாள். எந்தக் கழுதையாவது இப்படிப் பேசுமா, கிடைத்திருக்கிற மாப்பிள்ளை எப்படிப்பட்டவன், ஒரு கை இப்படி ஆனவளுக்கு வேறு யார் வருவார்கள் என்று என்னிடம் முறையிட்டாள். நான் வீரம்மாவிடம் காரணம் கேட்டேன். வைத்தியன் கேட்பதாகத்தான் கேட்டேன்.

"அவரு இந்த வெரலப் பாக்கவே மாட்டேங்கிறாரு, ஐயா. மூஞ்சியப் பாக்குறாரு, மத்தக் கையப் பாக்குறாரு. இது பக்கம் கண்ணு வந்தா ஓடிப்போகுது. மோதிரம் வேற வெரல்ல இருந்தா சாகுற வரைக்கும் இதப் பாக்காமலே இருந்துருவாரு. ஒளிச்சு வச்ச வெரலோட நான் குடும்பம் நடத்த ஏலாது."

அவள் சொன்னதில் வெட்டிப் பேச ஒன்றும் இல்லை.

ஆனால் காகிதப் பட்டிகள் சொன்னது வேறு. மூட்டைத் தாண்டும் அளவுக்கு வளையம் செய்தால் அடியில் தொளதொளவென்று கிடக்கும். பழம் கழுவும் தொட்டியில் கையை விட்டால் தண்ணீரோடு போய்விடும். அடியின் அளவுக்குச் செய்தால் மூட்டில் நிற்கும். பலவந்தமாக ஏற்றினால் திரும்ப எடுக்க முடியாது. அந்த விரலில் இரத்தம் ஓடும் வழி ஒன்றோ இரண்டோதான் மிஞ்சியிருந்தது. இறுகிய வளையம் அதையும் அடைத்துவிடும். ஆறாம் நாள் காலையில் வந்தது திரும்பப் போய்விடும். முடியாது என்று சொன்னேன்.

அவள் கையை எடுக்கவில்லை. கத்தியோடு வந்த அன்று பார்த்த மாதிரியே பார்த்தாள்.

என் மேசையில் ஒரு லாச்சி உண்டு. ஐந்து மாதமாக நான் அதைத் திறக்கவில்லை. அன்று ஏன் திறந்தேன் என்று எனக்கு இன்றும் சரியாகச் சொல்லத் தெரியாது. கை போனது.

நேசம் உடம்பில் நீர் கோத்து இறந்தாள். முதலில் கால் வீங்கியது, பிறகு முகம், பிறகு கை. மானிப்பாய் மிஷன் கோயிலில் நான் போட்ட மோதிரம் சதைக்குள் புதைந்தது. இறுகுது, எடுத்துவிடுங்கோ என்றாள். சவர்க்காரம் போட்டேன், எண்ணெய் போட்டேன். வரவில்லை. வெட்டலாம். ஆனால் அது கல்யாண மோதிரம். நாளைக்கு வீக்கம் வற்றும் என்றேன். மூன்று நாள் அப்படிச் சொன்னேன். விரல் நீலமானது. நாலாம் நாள் சிறிய குறட்டால் வெட்டி, இரண்டு பக்கமும் விரித்து எடுத்தேன். "மோதிரத்தைத்தானே வெட்டுறியள். என்னை விடேல்லைத்தானே" என்றாள் நேசம். நீலம் போய் அவள் விரலில் நிறம் வந்தது. ஒன்பது நாள் அந்த நிறம் இருந்தது. அதற்குமேல் அவள் இருக்கவில்லை.

வீக்கம் வற்றியபின் மறுபடி போடலாம் என்று, அந்த ஒன்பது நாட்களுக்குள் வெட்டிய முனைகளை அரத்தால் தேய்த்து மழுக்கியிருந்தேன்.

லாச்சியில் இருந்து எடுத்தது அந்த வளையம். முனைகளுக்கு இடையில் ஒரு நெல் நுழையும் இடைவெளி. வீரம்மாவின் விரலைப் பிடித்து, வளையத்தைக் கொஞ்சம் அகட்டி, மூட்டின்மேல் தள்ளினேன். தாண்டியது. அடிப்பக்கத்தில் வைத்து இரண்டு விரலால் அமுக்கினேன். ஒடுங்கி உட்கார்ந்தது. நகத்தை அழுத்தினேன். வெளுத்தது. விட்டேன். சிவந்தது.

பூட்டிய வளையங்களைத்தான் நான் அதுவரை மோதிரம் என்று நினைத்திருந்தேன். ஏறும்போது அகலமாகவும் இருக்கும்போது ஒடுக்கமாகவும் ஒரே வளையம் இருக்கலாம். அதற்கு அது முழு வட்டமாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான். அந்தச் சிறு இடைவெளியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதை வெட்டியது நான். அழிவு என்று நினைத்து ஒளித்துவைத்திருந்தேன்.

ரத்தினம்மா அழுகையை நிறுத்திவிட்டு, இது யார் மோதிரம் என்று கேட்டாள்.

யாருடையதோ என்று சொல்லியிருக்கலாம். என் மனைவியுடையது, இறந்துவிட்டாள் என்றேன். சொன்ன உடனே பிழை தெரிந்தது. பரிசத்துக்கு நிற்கும் பெண்ணின் கையில் செத்தவளின் நகையைப் போட்டுவிட்டேன். எங்கள் ஊரிலும் யாரும் இதைப் பொறுக்கமாட்டார்கள். அவசரமாகக் கழற்றக் கையை நீட்டினேன்.

ரத்தினம்மா என் கையைத் தடுத்தாள். மகளின் விரலைத் தூக்கி, மோதிரத்தோடு, தன் இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள்.

"புருசன் இருக்க, பூவோட பொட்டோட போனவங்க. எனக்குக் குடுத்து வைக்கல. அவங்க பொருள் எம் பொண்ணு மேல பட்டது நல்லதுங்க."

நேசம் ஒருநாளும் பொட்டு வைத்ததில்லை. அதைச் சொல்லவில்லை. இந்த ஐந்து மாதமும் எல்லாரும் என்னிடம் பாவம் என்றார்கள், வாழவேண்டிய வயது என்றார்கள், கர்த்தரின் சித்தம் என்று எழுதினார்கள். கொடுத்துவைத்தவள் என்று யாரும் சொல்லவில்லை. அந்தச் சொல் எனக்குப் பிடிக்கவில்லை. இப்போதும் பிடிக்கவில்லை. ஆனால் ஒரு விதவை என் மனைவியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டதைப் பார்த்தேன். பிறகு வளையத்தை அகட்டி மெதுவாகக் கழற்றினேன்.

மறுநாள் கணபதியைக் கூப்பிட்டேன். மோதிரத்துக்கு வழி இருக்கிறது, அளவு மட்டும் புதிதாக வேண்டும், அதை நீயே எடுத்து வா என்றேன். பட்டிகள் என் மேசையில்தான் கிடந்தன. ஆனாலும் எடுத்து வா என்றேன். மூட்டுக்கு ஒரு நூல், அடிக்கு ஒரு நூல். அவன் முகம் வெளிறியது. தாய்க்காரி பக்கத்தில் இருப்பாள், குற்றம் இல்லை என்றேன். அதற்காக அவன் வெளிறவில்லை என்பது எனக்குத் தெரியும்.

இரண்டு நாள் கழித்து வந்தான். முடிச்சுப் போட்ட இரண்டு நூல்களை உள்ளங்கையில் வைத்திருந்தான். மேசையில் வைக்கவில்லை.

"அந்த வெரலு சூடா இருக்குதுங்க, ஐயா."

ஆம் என்றேன்.

"செத்த வெரலுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். சில்லுன்னு இருக்கும்னு." நூல்களைப் பார்த்தான். "கையில எடுத்தா சூடா இருக்கு."

ஆறாம் நாள் காலையில் நான் கழுவிய கையை நினைத்துக்கொண்டேன்.

ஆசாரியின் பட்டறை கட்டுக்கலைப் பக்கம் ஒரு சந்தில் இருந்தது. கறுப்பையா ஆசாரி என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருப்பார். வாயில் வெற்றிலையோ ஊதுகுழலோ இரண்டில் ஒன்று எப்போதும் இருக்கும். நான் கணபதியோடு போய் நேசத்தின் மோதிரத்தைக் காட்டி, இப்படி வாய் திறந்த வளையம் வேண்டும் என்றேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"இது மெட்டிங்க. வெள்ளி கொண்டாங்க, காலுக்கு அடிச்சுத் தாறேன்."

எனக்கு அது தெரியாது. எங்கள் வீட்டுப் பெண்கள் மெட்டி போடுவதில்லை. கணபதிதான் விளக்கினான்: கால்விரலுக்குப் போடும் வளையம் மட்டும்தான் வாய் திறந்திருக்கும், அமுக்கிச் சரிசெய்வதற்காக. அது எப்போதும் வெள்ளி. தங்கம் இடுப்புக்குக் கீழே போகாது. தங்கத்தில் மெட்டி செய்வது ஆசாரிக்குப் பாவம், கையில் மெட்டி போடுவது பெண்ணுக்கு இளப்பம்.

நான் விரலைப் பற்றிச் சொன்னேன். யந்திரம், மூட்டு, இரத்தம் ஓடும் வழி எல்லாம். ஆசாரி கேட்டுக்கொண்டே இரண்டு நூல்களையும் முனை மெலிந்த இரும்புக்கோலில் சுற்றிப் பார்த்தார். ஒன்று மேலே நின்றது, ஒன்று கீழே. இரண்டுக்கும் நடுவில் இருந்த தூரத்தைக் கட்டைவிரலால் தடவினார். அவருக்குப் பாவம் மறந்துவிட்டது. வேலை பிடித்துக்கொண்டது.

முனைகளுக்கு நடுவில் இடைவெளி விட்டால்தானே மெட்டி, ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறிப் படுத்தால் அது மெட்டி இல்லை என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொன்னார். அந்த இடம் உள்ளங்கைப் பக்கம் வரட்டும், மேலே பார்த்தால் முழு மோதிரம். பிறகு நேசத்தின் வளையத்தை விரலால் விரித்துவிட்டு, அது திரும்பாமல் அப்படியே நிற்பதைக் காட்டினார். "பசும்பொன்னுங்க. சொன்ன பேச்சக் கேக்கும், பிடிவாதம் கெடையாது. உங்களுக்குப் பிடிவாதம் வேணும். செம்பு கூட்டணும்."

மட்டத் தங்கம் என்று யாராவது சொன்னால் என்ன செய்வது என்று கணபதி தயங்கினான். யாராவது கேட்டால் என்னிடம் அனுப்பு என்றார் ஆசாரி.

வளையத்தின் உருவத்தை நான் தெரிவு செய்யவேண்டும் என்றார். மூன்று துண்டுக் கம்பிகளை எடுத்துவைத்தார். ஒன்று பட்டை. ஒன்று முறுக்கு. ஒன்று உள்ளும் புறமும் உருண்டு, புல்லின் தண்டுபோல இருந்தது. முறுக்குத்தான் அழகு, பட்டைதான் கனமாகத் தெரியும் என்றார். நான் மூன்றையும் ஒவ்வொன்றாக என் புறங்கையில் வைத்து ஒரே அளவாக அழுத்தினேன். பட்டை இரண்டு கோடு கிழித்தது. முறுக்கு எறும்பு கடித்த வரிசைபோலப் பதிந்தது. உருண்டைக் கம்பி ஒரு குழி மட்டும் விட்டது. மூன்று தழும்பையும் பார்த்துக்கொண்டு இருந்தேன். உருண்டையின் குழிதான் முதலில் மறைந்தது.

இது என்றேன்.

ஆசாரி உருக்குவதற்காகக் கணபதியின் மோதிரத்தைத் தராசில் போட்டார். முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறவேண்டுமானால் ஒரு குண்டுமணி எடைக்குமேல் குறைகிறது. அவர் கண் நேசத்தின் வளையத்தின்மேல் போனது. என் கண்ணும் போனது. நான் வாயைத் திறப்பதற்குள் கணபதி காதில் கையை வைத்தான். அவன் கடுக்கன் பிறந்த காலத்தில் போட்டதாம். திருகு துருவேறியதுபோல இறுகிக் கிடந்தது. எண்ணெய் விட்டு, அரைமணி நேரம் போராடி, ஆசாரி ஒன்றைக் கழற்றினார். மற்றதற்குக் கணபதி கையை வைத்தபோது, ஒன்று போதும் என்றார்.

நான் நேசத்தின் மோதிரத்தை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

பரிசத்துக்கு முந்திய வாரம் நல்ல மழை பெய்தது. பரிசத்தன்று விடிய எழும்பிக் கதவைத் திறந்தபோது காற்றில் மல்லிகை போன்ற வாசம். நகரத்தின் நடுவில், ஏரிக்கரை வரைக்கும் இருந்தது. குதிரை வண்டிக்காரன் மேலே கையைக் காட்டினான். ஹந்தானை மலை வெள்ளையாக இருந்தது.

கோப்பி பூக்கும் என்று எனக்குத் தெரியும். முந்திய வருடமும் நான் இங்கேதான் இருந்தேன். நேசம் கூப்பிட்டுக் காட்டியிருப்பாள், நான் பார்த்திருக்கமாட்டேன். ஒரு மழைக்குப் பிறகு ஒரே இரவில் எல்லா மரமும் ஒன்றாகப் பூக்கும். இரண்டு நாள், மூன்று நாள். பிறகு பழுப்பாகி உதிரும். மலைப்பாதையில் ஏறும்போது இரண்டு பக்கமும் கிளைகள் முழுவதும் பூ, இலை தெரியாத அளவுக்குப் பூ. ஒரு கொப்பில் இருந்து மறு கொப்புக்கு, ஒரு சரிவில் இருந்து மறு சரிவுக்கு. ஆயிரமாயிரம் மரங்கள், ஒன்றையொன்று கேட்காமல், ஒரே காலையில். வண்டியை நிறுத்தச் சொன்னேன். இறங்கி நின்றேன். பிறகு மிச்சத் தூரத்தை நடந்தே போனேன். வண்டியில் உட்கார்ந்துகொண்டு அதற்குள் போவது மரியாதையாகத் தோன்றவில்லை.

கோப்பி காயவைக்கும் தளத்தைக் கூட்டிக் கழுவி, அங்கேதான் பாய் விரித்திருந்தார்கள். லயத்துச் சனங்கள் எல்லாரும் இருந்தார்கள். தேங்காய், பழம், சேலை, வெற்றிலைத் தட்டுகள். கணபதி தலைப்பாகையை ஒரு பக்கம் சரித்துக் கட்டி வெறும் காதை மறைத்திருந்தான். பயன் இல்லை. ஒரு கடுக்கனை அடகு வைத்துத்தான் பெண் எடுக்கிறானா என்று யாரோ கேட்டார்கள். பிள்ளை பிறந்தால் மற்றக் காதும் போய்விடும் என்றார் இன்னொருவர். தலைப்பாகையை அவிழ்த்துப் பாயில் வைத்தான். வெறும் காது தெரிய உட்கார்ந்தான். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

வீரம்மாவைக் கொண்டுவந்து உட்கார்த்தினார்கள். வலது கையை மடியில் விரித்து வைத்திருந்தாள். ஐந்து விரலும் தெரிந்தன. பாலம்மா மோதிரத்தைத் தட்டில் இருந்து எடுத்தாள். அவளுக்கு நான் முதல்நாளே சொல்லிக்கொடுத்திருந்தேன்: அகட்டு, தள்ளு, அமுக்கு. ரத்தினம்மா கூட்டத்தின் பின்னால், விதவைகள் நிற்கும் இடத்தில், தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கணபதி அந்த விரலைப் பார்த்துக்கொண்டு இருந்தான். இமைக்காமல். வீரம்மா அவன் பார்ப்பதைப் பார்த்தாள்.

பாலம்மா தள்ளினாள். மூட்டின்மேல் வளையம் வாய் திறந்தது, தாண்டியது, அடியில் போய் மூடிக்கொண்டது. ஒரே தள்ளு.

குலவை எழுந்தது. அதற்கு நடுவில், முன்வரிசையில் இருந்த ஒரு கிழவி குனிந்து பார்த்து, கையிலா மெட்டி போடுகிறீர்கள் என்று கேட்டாள். சத்தமாகத்தான் கேட்டாள். பாலம்மாவின் முகம் செத்துவிட்டது. பரிசத்தில் பெண் பேசக்கூடாது. வீரம்மா தலையைக் குனிந்தபடியே பேசினாள்.

"காலுக்கும் அவருதானே போடப்போறாரு. முந்திப் போட்டா என்னவாம்?"

முதலில் பெண்கள் சிரித்தார்கள். பிறகு ஆண்கள். கடைசியில் அந்தக் கிழவியே சிரித்து வெற்றிலையைக் கேட்டு வாங்கினாள்.

நான் புறப்படும்போது வீரம்மா கூப்பிட்டாள். நகத்தைப் பார்க்காமல் போகிறீர்களே என்றாள். பூ வாசத்தில் அதை மறந்திருந்தேன். பாயின் ஓரத்தில் குந்தி அழுத்தினேன். வெளுத்தது. லயத்துப் பெண்கள் சுற்றிவந்து குனிந்தார்கள். கணபதியும் குனிந்தான். விட்டேன். அடியில் இருந்து சிவப்பு ஏறி வந்தது. அன்றைப்போல நூலாக இல்லை, முழுதாக. அவர்களில் ஒருத்தி மூச்சை உள்ளே இழுத்தது கேட்டது. இதை நான் ஆயிரம் பேருக்குப் பார்த்திருக்கிறேன். அந்த வெள்ளை மலையின் நடுவில், பத்துப் பதினைந்து தலைகளுக்கு இடையில், நானும் முதல் தடவை பார்ப்பவனைப்போலப் பார்த்தேன்.

"ஒங்களுக்கு வருதா, ஐயா?" என்றாள் வீரம்மா.

எனக்கு விளங்கவில்லை.

"எல்லார் நகத்தயும் அமுக்குறீங்க. ஒங்க நகத்த அமுக்குங்க, பாப்போம்."

ரத்தினம்மா தூணருகில் இருந்து மகளை அதட்டினாள். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நான் கையை நீட்டினேன். என் மோதிர விரலின் நகத்தை, மற்றக் கையின் கட்டைவிரலால் அழுத்தினேன். எல்லாரும் பார்த்தார்கள். வெளுத்தது.

கட்டைவிரலை எடுக்கக் கொஞ்சம் பயமாக இருந்தது. எடுத்தேன்.

"வருது" என்றாள் வீரம்மா.